கடைத்தெரு முழுக்க ஒரே முகம்

கடைத்தெருவில் என் தம்பியின் பெயரைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. கண்ணுக்காரர் எங்கே என்று கேட்டால் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் பட்டறை வாசலில் விட்டுவிடுவார்கள். துணிக்கடைகளில் சட்டை மாட்டி நிறுத்தி வைக்கிறார்களே, ஆள் உயரப் பொம்மைகள், அவற்றுக்கு முகம் எழுதுகிறவன் அவன்.

பொம்மை புதிதாக வரும்போது அழகாகத்தான் வரும். கடை விளக்கின் அடியிலேயே நின்று நின்று தோல் மஞ்சள் பாய்ந்துவிடும். மூக்கு நுனி உதிரும். துணி மாற்றுகிறவர்கள் அவசரத்தில் தலையைக் கீழே போட்டு கன்னத்தைப் பெயர்த்துவிடுவார்கள். அப்போது தலையை மட்டும் கழற்றி, ஒரு பையில் போட்டு, என் தம்பிக்கு அனுப்புவார்கள். அவன் உப்புத்தாள் போட்டு பழைய முகத்தை ஒன்றுமில்லாமல் தேய்த்து எடுத்துவிடுவான். அதன்மேல் பட்டி மாவைக் குழைத்து வைத்து, கன்னம், இமை, உதடு எல்லாம் புதிதாக ஏற்றி, காயவிட்டு, வண்ணம் அடித்து, கடைசியாகக் கருவிழி எழுதுவான். கருவிழி விழும்வரை அது வெறும் பந்து. விழுந்துவிட்டால் நம்மைப் பார்க்க ஆரம்பித்துவிடும்.

அவன் பட்டறை ஒரு நீள அறை. ஒரு பக்கம் தலையில்லாத உடல்கள். இன்னொரு பக்கம் குச்சியில் செருகிய தலைகள். நடுவில் ஒரு மேசை, பெயிண்ட் கரைக்கிற தின்னர் வாசனை, கிழக்கே ஒரு ஜன்னல். புதிதாக உள்ளே வருகிறவர்கள் மிரண்டு நிற்பார்கள். அவன் தலைநிமிராமல் சொல்வான்:

"வாங்க வாங்க. பயப்படாதீங்க, இங்க தலைக்கனம் புடிச்சவங்க யாருமே இல்ல."

இமை வைக்கிற வேலையைக் காலையில்தான் செய்வான். ஜன்னல் வெளிச்சம் அப்போதுதான் சரியாக விழும் என்பான். ஜன்னல் சட்டத்தில் கையகலக் கண்ணாடி ஒன்றைச் செருகி வைத்திருப்பான். அதில் தன் கண்ணையே பார்த்துப் பார்த்துப் பொம்மைக்கு இமை ஏற்றுவான்.

"ஏண்டா, ஆம்பளப் பொம்மைக்கும் பொம்பளப் பொம்மைக்கும் உன் கண்ணேதானா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"வேற யாரப் பாக்க? நான் கூப்பிட்டா வந்து உக்கார நடிகையா காத்துக்கிட்டு இருக்கா? புருவத்தையும் உதட்டையும் மாத்திட்டா ஆளு மாறிடும் அக்கா. கண்ணு எல்லாருக்கும் ஒண்ணுதான்."

அவனுக்கு எச்.ஐ.வி. இருக்கிறது. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் காதோடு காதாகப் பேசிக்கொள்ள வேண்டாம். எப்படி வந்தது என்று கேட்கிறவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை. எனக்கு முட்டிவலி எப்படி வந்தது என்று எவராவது கேட்டார்களா? பல வருடமாக மாத்திரை சாப்பிடுகிறான். ஒருநாள்கூடத் தவறவிட்டதில்லை. ரத்தத்தில் கிருமியைத் தேடினாலும் கிடைக்காத அளவுக்கு அடங்கிவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அவன் மனைவிக்கு அது இல்லை. விஷயம் அவளுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். முன்னால் வேலை பார்த்த பட்டறையில் தெரிந்துபோனபோது, அவன் தண்ணீர் குடித்த டம்ளரை வாசலில் போட்டு உடைத்தார்கள். அன்றைக்கு வாயைத் தைத்துக்கொண்டவன்தான்.

நான் கடைகளுக்குப் பொத்தான் தைத்துக் கொடுக்கிறேன். மூட்டை மூட்டையாகச் சட்டை வாங்கி வந்து, வீட்டில் உட்கார்ந்து தைத்து, திருப்பிக் கொண்டுபோய்க் கொடுப்பேன். எனக்கு ஓர் எழுத்தும் தெரியாது. கடைப் பலகையில் என்ன போட்டிருந்தாலும் எனக்கு அது கோலிக்குண்டு உருட்டி விட்ட மாதிரிதான். கடைகளை நான் கண்டுபிடிப்பது வாசலில் நிற்கும் பொம்மை முகத்தை வைத்துத்தான். கோபக்காரி நின்றால் சட்டைக்கடை. வாயோரம் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒருவன் நின்றால் கோட்டுக்கடை. எங்கேயோ வைத்ததைத் தேடுகிற மாதிரி ஒருத்தி நின்றால் அது குழந்தைத் துணிக்கடைக்குப் பக்கத்துக் கடை. எல்லாம் என் தம்பி எழுதிய முகங்கள். தெருவில் நடந்தால் சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்கு வந்த மாதிரி இருக்கும்.

அந்தத் தெருவிலேயே நான் ஒருநாள் வழி தவறினேன்.

நல்ல பகல் வேளை. முட்டிவலியில் மாதக்கணக்காகத் தெருப்பக்கம் வராமல் இருந்து, அன்றைக்குத்தான் மூட்டையோடு நடந்துகொண்டிருந்தேன். வாசல் பொம்மையை ஓரக்கண்ணால் பார்த்து, சட்டைக்கடை வந்துவிட்டது என்று உள்ளே போய் மூட்டையை இறக்கி வைத்தேன். கல்லாவில் இருந்த பெண் சிரித்தாள்.

"அம்மா, இது திரைச்சீலைக் கடை. எங்க ஜன்னல் துணிக்கு நீங்க பொத்தான் வெக்கப் போறீங்களா?"

வெட்கமாகப் போய்விட்டது. மூட்டையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து அண்ணாந்து பார்த்தேன். வாசலில் கோபக்காரி நிற்கவில்லை. வேறொருத்தி நின்றாள். அடுத்த கடைக்கு நடந்தேன். அங்கேயும் அவளே நின்றாள். எதிர்ப்பக்கம் கோட்டு போட்டு நின்றவனுக்கும் அதே முகம். இமை இரண்டும் கனத்துத் தொங்கின. கண்ணுக்குக் கீழே பை பையாக உப்பியிருந்தது. கன்னம் ஊதியிருந்தது. அழுது ஓய்ந்தவர் முகமும் இல்லை, தூங்கி எழுந்தவர் முகமும் இல்லை. தண்ணீருக்குள் ரொம்ப நேரம் இருந்துவிட்டு வந்தவர் முகம். இந்தக் கடை, அந்தக் கடை, எந்தக் கண்ணாடிக்குப் பின்னால் பார்த்தாலும் அதே முகம். சட்டை மட்டும் வேறு வேறு. நான் நகர நகர அத்தனையும் பாதி மூடிய கண்ணால் என்னையே பார்த்தன.

சுற்றிலும் ஜனங்கள் பேரம் பேசிக்கொண்டு போகிறார்கள். நான் மூட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

கோட்டுக்கடை முதலாளி வாசலில் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் பிடித்துக்கொண்டார்.

"பொத்தான்காரம்மா, உங்க தம்பிக்கு என்ன ஆச்சு? நல்ல முகமா எழுதிக் குடுய்யான்னா, எழவு வீட்டுல இருந்து நேரா வந்த மாதிரி எழுதிக் குடுக்கிறாரு. இத வெச்சுக்கிட்டு நான் கல்யாணக் கோட்டு விக்கணும். சின்னப் புள்ளைங்க வாசல்லயே நின்னு அழுதுங்க, உள்ள வரமாட்டேங்குதுங்க."

"அவன்கிட்ட சொல்லலியா முதலாளி?"

"சொன்னேனே. 'எப்பவும் எழுதுற மாதிரிதான எழுதினேன்'னு என்னையே மொறைக்கிறாரு. நேர்ல வந்து பாருய்யான்னு கூப்பிட்டா வரவும் மாட்டேங்கிறாரு."

மூட்டையை அவரிடமே வைத்துவிட்டு நேராகப் பட்டறைக்குப் போனேன்.

கதவு சாத்தியிருந்தது. தள்ளித் திறந்ததும் நானே ஒரு நிமிடம் நின்றுவிட்டேன். குச்சியில் இருந்த தலைகள் எல்லாம் சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தன. ஒன்றின் முகமும் தெரியவில்லை. வழுக்கைப் பின்மண்டைகள் மட்டும் வரிசையாக. அவன் மேசையில் குனிந்து உட்கார்ந்திருந்தான். காலில் செருப்பு பாதிதான் நுழைந்திருந்தது. வாரைக் கத்தியால் கீறி அகலப்படுத்தியிருந்தான்.

"இதுங்க ஏண்டா திரும்பி நிக்குதுங்க? சண்டையா?"

"பாத்துக்கிட்டே இருக்குதுங்க அக்கா. வேலை ஓடல."

"செருப்ப ஏன் கிழிச்சே?"

"சாயங்காலமானா கால் கனத்துப் போவுது. நின்னே வேலை செய்யறேன்ல."

கிட்டப் போய் ஒரு தலையைப் பிடித்துத் திருப்பினேன். தெருவில் பார்த்த அதே முகம்.

"யாருடா இது?"

அவன் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தான். பகல் வெளிச்சத்தில், என் தலை நரைத்த தம்பி, சின்ன வயதில் இருட்டைக் கண்டு பயந்த குரலில் பேசினான்.

"கண்டக்டர் அண்ணன்."

மாத்திரை வாங்கப் போகிற ஆஸ்பத்திரியில் வரிசைக்காக உட்காருகிற பெஞ்சு ஒன்று உண்டு. அதில் வருடக்கணக்காக அவன் பக்கத்தில் உட்கார்ந்தவராம் அந்தக் கண்டக்டர். அவருக்கும் அதே நோய். பேச்சும் சிரிப்புமாக இருப்பாராம். "டிக்கெட் எடுத்தாச்சு தம்பி, எறங்குற எடம்தான் தெரியல" என்பாராம். நர்ஸ் அவர் பெயரைக் கூப்பிட்டால் எழுந்து, "போலாம், ரைட்!" என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே நடப்பாராம். வெளியில் வாயே திறக்காத என் தம்பி அந்தப் பெஞ்சில் மட்டும்தான் மனது விட்டுப் பேசியிருக்கிறான். போகப்போக அவருக்கு முகம் ஊதியது. கால் ஊதியது. சிறுநீரகம் பழுது என்றார்கள். மெஷினில் போட்டு ரத்தம் சுத்தம் செய்தார்கள். பிறகு பெஞ்சில் அவர் இடம் காலியாகிவிட்டது.

"கடைசியா பாத்தப்ப ஒண்ணு கேட்டாரு அக்கா. 'உன் பொம்மை ஒண்ணுக்கு என் மூஞ்சிய வெச்சிரு தம்பி. செத்ததுக்கு அப்புறம் புதுச் சட்டை போட்டுக்கிட்டு ஏசியில நிக்கணும். உயிரோட இருக்கறப்ப வேர்வையிலயே போயிடுச்சு'ன்னாரு. சரி அண்ணேன்னு சிரிச்சுட்டு வந்தேன். செய்யல. பயமா இருந்துச்சு. இப்ப அவரே வந்துட்டாரு."

"உளறாத."

"உளறல. நான் மெல்லிசாத்தான் இமை வெக்கிறேன். கண்ணாடியில பாத்து, அளவு மாறாம வெக்கிறேன். முடிச்சு தள்ளி நின்னு பாத்தா அவரு நிக்கிறாரு. தேய்ச்சுட்டுத் திரும்பப் போட்டேன். திரும்பவும் அவருதான். நான் எழுதலக்கா. என் கை எழுதுது."

நான் லேசில் பேயை உள்ளே விடுகிறவள் இல்லை. அந்தக் கண்டக்டரை நான் பார்த்ததே கிடையாது. அப்படியிருக்க அந்த முகம் எனக்கு ஏன் பழகின முகமாகத் தெரிகிறது? நெஞ்சில் அது முள்ளாகக் குத்தியது.

"நீ கடைசியா எப்ப ஆஸ்பத்திரிக்குப் போனே?" என்று கேட்டேன்.

அவன் அந்தப் பொம்மைத் தலையைத் திரும்பவும் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தான்.

பதிலை அவன் மனைவிதான் சொன்னாள். அன்று மாலை அவர்கள் வீட்டுச் சமையலறையில், அவள் பாத்திரம் கழுவ, நான் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"அவரு ஆஸ்பத்திரிக்குப் போயி ரொம்ப நாளாச்சு அண்ணி. அந்த பெஞ்சுக்காரரு போனதுல இருந்தே போறதில்ல. நான்தான் போயி மாத்திரை மட்டும் வாங்கிட்டு வரேன். டெஸ்டுக்கு ரத்தம் குடுக்கணும், வரச்சொல்லுங்கங்கறாங்க. வேலையில இருக்காருன்னு சொல்லிடுவேன். என்ன பண்ணச் சொல்றீங்க? கூப்பிட்டா எரிஞ்சு விழறாரு."

"அவன் மூஞ்சி வீங்குதாம்மா?"

"எனக்குத் தெரியலியே அண்ணி. தெனம் பாக்கற மூஞ்சி." அவள் குழாயை மூடினாள். "ஆனா இன்னொண்ணு. கக்கூஸ்ல எப்பப் பாத்தாலும் நுரை. தண்ணி ஊத்தினாலும் போவாது, பொங்கிக்கிட்டு நிக்கும். 'பிரஷ் கழுவுற சோப்புத் தண்ணிய இங்க வந்து ஊத்தறீங்களா'ன்னு கத்துவேன். ஆமாம்பாரு. நேத்துப் பட்டறையில பாத்தேன் அண்ணி. பிரஷ்ஷ தின்னர்லதான் கழுவறாரு. சோப்பே கெடயாது அங்க."

உள்ளறையில் அவன் இருமுவது கேட்டது.

"வேற ஏதாச்சும் மாத்திரை சாப்பிடறானா?"

"முதுகு வலிக்குன்னு ஒண்ணு. மருந்துக் கடையில வாங்கிட்டு வருவாரு. குனிஞ்சே வேலை செய்யறாருல்ல. தெனமும் போடறாரு."

மறுநாள் காலை கடை திறக்கிற நேரத்துக்கே நான் தெருவின் கோடிக்குப் போய்விட்டேன். அங்கேயிருந்து பட்டறைப் பக்கமாக, ஒரு கடை விடாமல் முகம் பார்த்துக்கொண்டு வந்தேன். என் தம்பி இந்தச் சுற்றில் முதலில் வேலை எடுத்தது அந்தக் கோடிக் கடைகளில்தான், முந்தின நாள் நான் அவ்வளவு தூரம் போகவில்லை. பட்டறைக்குப் பக்கத்துக் கடைகள் எல்லாம் கடைசியாகக் கொடுத்தவை. கோடியில் இருந்த பொம்மைகள் கன்னம் ஒட்டி, கண் தெளிந்து நின்றன. செருப்புக் கடையைத் தாண்டினேன். ஒரு பொம்மைக்கு மேலிமை மட்டும் கொஞ்சம் தடித்திருந்தது. அடுத்ததற்குக் கண்ணுக்குக் கீழே நிழல். அதற்கடுத்தது ஊதியிருந்தது. அதற்கடுத்தது இன்னும். ஒரே ஆள், ஒரே தெருவில், கடை கடையாக நின்று வீங்கிக்கொண்டே வருகிற மாதிரி. வேண்டாம், திரும்பிப் போய்விடலாம் என்றிருந்தது. கோட்டுக்கடை வாசலில், எல்லாவற்றிலும் கடைசியாக எழுதியவன் முன்னால், கண்ணாடியில் கை ஊன்றிக்கொண்டு நின்றேன். அந்தக் காது மடலையும் மோவாயையும் மறைத்துவிட்டுக் கண்ணை மட்டும் பார்த்தேன்.

எங்கள் அம்மாவின் கண். எனக்கும் தம்பிக்கும் வந்த கண்.

பட்டறைக்கு ஓடினேன். அப்போதுதான் பூட்டைத் திறந்துகொண்டிருந்தான்.

"வா. முதலாளி கூப்பிடறாரு."

"நான் வரல அக்கா. அந்தத் தெருப்பக்கம் நான் போறதில்ல."

"வரலேன்னா இங்கேயே உக்காருவேன். மத்தியானச் சோத்துக்கும் எழுந்திரிக்க மாட்டேன். உனக்கு என்னைத் தெரியும்."

தெரியும். வந்தான். தலை குனிந்து, செருப்பை இழுத்து இழுத்து, ஒரு கண்ணாடியையும் நிமிர்ந்து பார்க்காமல் என் பின்னால் நடந்தான். கோட்டுக்கடையில் கதவைத் தூக்கியிருந்தார்கள், உள்ளே விளக்கு இன்னும் போடவில்லை. தெருவில் நல்ல வெயில். கடைக்குள் இருட்டு. கண்ணாடியில் தெரு முழுக்கத் தெரிந்தது. அவன் தோளைப் பிடித்துப் பொம்மைக்கு நேரே நிறுத்தினேன்.

"பாருடா."

நிமிர்ந்தான். கண்ணாடியில் விழுந்த அவன் முகம், உள்ளே நின்ற முகத்தின் மேல் போய் அப்படியே உட்கார்ந்தது. கோடு பிசகவில்லை. இமையின் மேல் இமை, பையின் மேல் பை. எது வெளியே, எது உள்ளே என்று எனக்கே தெரியவில்லை. அவன் மெதுவாகக் கையைத் தூக்கி இமையைத் தொட்டான். உள்ளே கோட்டு போட்டு நின்றவனும் கையைத் தூக்கி இமையைத் தொட்ட மாதிரி இருந்தது.

"அக்கா, இது அவரு இல்ல."

"இல்லடா."

"நானா?"

"நீதான். காலையில எழுந்ததும் உன் மூஞ்சி இப்படித்தான் ஊதிக் கெடக்குது. அந்த நேரத்துலதான் நீ கண்ணாடிய வெச்சுக்கிட்டு இமை ஏத்தற, அதுக்குத் தக்க கன்னமும் ஏத்தற. அந்தக் கண்ணாடியில ஒரு கண்ணுக்கு மேல தெரியாது, முழுசா பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். நான் வர்ற நேரத்துக்கு மூஞ்சி வத்திக் காலுக்கு எறங்கிடுது. உன் கை சரியாத்தான் எழுதுச்சு."

கடைப் படியில் உட்கார்ந்துவிட்டான்.

"போனா மெஷின்ல போட்டுருவாங்க அக்கா. மெஷின்ல போட்டவரு திரும்பி வரல."

"போகலேன்னா மட்டும்? இந்தப் பொம்மைங்க எல்லாம் நிக்கும், நீ இருக்க மாட்ட. அப்புறம் நான் பொத்தான் தைக்க இந்தத் தெருவுக்கு எப்படிடா வருவேன்? கடைக்குக் கடை நீ நின்னு பாத்துக்கிட்டு இருப்ப."

அவன் எழுந்திருக்கக் கையை நீட்டினான்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவன் கன்னத்தையும் கால்முட்டிக்குக் கீழேயும் அழுத்திப் பார்த்தார். விரல் எடுத்த இடத்தில் பள்ளம் அப்படியே நின்றது, ஈரப் பட்டியில் அழுத்திய மாதிரி.

"எப்ப இருந்து வீக்கம்?"

அவன் என் பக்கம் திரும்பினான்.

"செருப்புக் கடை தாண்டினதும் ஒரு பொம்மை இருக்குங்கம்மா, அதுல இருந்து" என்றேன்.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். எனக்கு முதலில் வைத்தியம் வேண்டுமோ என்று நினைத்திருப்பார். சொன்னேன், எல்லாவற்றையும். கேட்டுவிட்டு அவனிடம் திரும்பினார்.

"அந்தத் தலைய எப்ப செஞ்சீங்க?"

"மழைக்கு முன்னாடிங்க."

"வேற மாத்திரை ஏதாவது எடுத்துக்கிறீங்களா?"

அவன் அறையைச் சுற்றிப் பார்த்தான். ஓரத்தில் ஒரு நர்ஸ் நின்றிருந்தாள்.

"வாயத் தொறடா. இங்க டம்ளர் ஒடைக்கறவங்க யாரும் இல்ல."

முதுகுவலி மாத்திரையைச் சொன்னான். மருந்துக் கடைக்காரர், வேறு நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று கேட்டதையும், இல்லை என்று இவன் சொன்னதையும் சொன்னான். ஆமாம் என்று சொன்னால் என்ன நோய் என்று கேட்பாரே.

ரத்தம் எடுத்தார்கள், சிறுநீர் எடுத்தார்கள், பிறகு ஒருநாள் ஊசி வைத்துச் சிறுநீரகத்திலிருந்து துளி சதையும் எடுத்தார்கள். டாக்டரம்மா எங்கள் இருவரையும் உட்கார வைத்துச் சொன்னார். சிறுநீரகம் வடிகட்டி மாதிரி. அதில் கண் பெரிதாகிவிட்டால், உடம்புக்கு வேண்டிய சத்து சிறுநீரோடு ஒழுகிப் போகும். நுரை அதுதான். சத்து போனால் தண்ணீர் உடம்பில் தங்கும். வீக்கம் அதுதான். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்குச் சிறுநீரகம் கெடும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். சிலருக்கு நோயே கெடுக்கும், சிலருக்குச் சாப்பிடுகிற மாத்திரைகளில் ஒன்று கெடுக்கும். அதனால்தான் அடிக்கடி ரத்தமும் சிறுநீரும் பார்ப்பது. இவனுக்கு முக்கியமாகக் கெடுத்தது அந்த வலி மாத்திரை. தினமும் போட்டதில் வடிகட்டி பிய்ந்துவிட்டது.

"எனக்கு மெஷினா?" என்று கேட்டான்.

"இப்ப வேணாம். வலி மாத்திரைய இன்னையோட நிறுத்தணும். பழைய மாத்திரையில ஒண்ண மாத்தித் தரேன், மத்தத நீங்களா நிறுத்தக் கூடாது. உப்பக் குறைங்க. இதெல்லாம் செஞ்சும் ஒருநாள் மெஷின் வேணும்னா வேணும்தான். மெஷின் என்ன பேயா? வருஷக்கணக்கா அதுல ஓட்டிக்கிட்டு வேலைக்குப் போறவங்க இருக்காங்க. இந்த நோய் இருக்கு, மெஷினுக்கு எடுக்க மாட்டோம்னு யாரும் உங்கள ஒதுக்க முடியாது. ஆனா எல்லாம் முத்தி, கதவு சாத்தறப்ப வந்து நிக்காதீங்க."

வீட்டுக்கு வரும் வழியில் மருந்துக் கடை வாசல் வந்ததும் நின்றான். உள்ளே போய், கடைக்காரரிடம், தனக்கு இருக்கிற நோயைப் பெயர் சொல்லிச் சொன்னான். வலிக்கு எது ஆகும் எது ஆகாது என்று எழுதி வாங்கிக்கொண்டான். கடைக்காரர் குரலைத் தாழ்த்தி, "மொதல்லயே சொல்லியிருக்கலாமே அண்ணே" என்றார். அவ்வளவுதான். டம்ளர் ஒன்றும் உடையவில்லை.

நுரை ஒரேயடியாகப் போகவில்லை. மெல்ல மெல்லக் குறைந்தது. அவன் மனைவி தினமும் காலையில் எட்டிப் பார்த்து, "இன்னைக்குக் கொஞ்சம்தான்" என்று வாசலுக்கு வந்து சொல்வாள், பால் பொங்காமல் பார்த்துக்கொண்ட மாதிரி. சிறுநீரகத்தில் கெட்டது கெட்டதுதான், மிச்சத்தைக் காப்பாற்றலாம் என்றார்கள். இப்போது ரத்தம் கொடுக்கிற நாளை அவன் மறப்பதில்லை. சட்டத்தில் இருந்த கையகலக் கண்ணாடியை எடுத்துவிட்டு முகம் முழுக்கத் தெரிகிற கண்ணாடி ஒன்றை மாட்டியிருக்கிறான். வீங்கிய தலைகளைக் கடை கடையாகப் போய்த் திரும்ப வாங்கி, தேய்த்து, புது முகம் எழுதிக் கொடுத்தான். கோபக்காரி திரும்பி வந்தாள். எனக்கு வழியும் திரும்பி வந்தது.

கோட்டுக்கடை முதலாளி மட்டும் தன் பொம்மையைக் கொடுக்கவில்லை.

"இருக்கட்டும் விடுங்க. பயந்துக்கிட்டாவது நின்னு பாக்கறாங்க. பாத்தா நாலு பேர்ல ஒருத்தர் உள்ள வராரு. இவன் இல்லாட்டி என் கடை யாருக்குத் தெரியும்?"

அது அப்படியே நின்றது. கொஞ்ச நாள் கழித்து, அதன் கோட்டில் ஒரு பொத்தான் தொங்குகிறது, நின்ற நிலையிலேயே தைத்துக் கொடுங்கள் என்று முதலாளி கேட்டார். கண்ணாடிக்கு உட்புறம் ஏறி, முகத்தைப் பார்க்காமல், நூலைக் கோத்துத் தைத்துக்கொண்டிருந்தேன். யாரோ பார்க்கிற மாதிரி இருந்தது. திரும்பினால், தெருப்பக்கம் ஒரு பெண்மணி கண்ணாடியோடு கண்ணாடியாக நின்றிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. எனக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உள்ளே வந்தாள்.

"இந்தப் பொம்மைய யாருங்க செஞ்சது?"

"எதுக்கும்மா கேக்கறீங்க?"

"என் வீட்டுக்காரரு கடைசியில இப்படித்தான் இருந்தாரு." குரலில் ஆச்சரியம் மட்டும்தான் இருந்தது. "பஸ்ஸுல கண்டக்டரா இருந்தாரு. அச்சு அசலா அவரே. புதுக் கோட்டெல்லாம் போட்டுக்கிட்டு நிக்கிறாரே."

ஊசி விரலில் ஏறிவிட்டது. சிறுநீரகம் கெட்டு யார் முகம் ஊதினாலும் இப்படித்தான் ஊதும் என்று எனக்குத் தெரியும். டாக்டரம்மாவே சொல்லியிருக்கிறார். அது என் தம்பியின் கண், எங்கள் அம்மாவின் கண், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இன்றைக்கும் அதையேதான் சொல்வேன். ஆனால் அந்தப் பெண்மணியிடம் சொல்ல வாய் வரவில்லை.

"ஏசி ரூமுலதான் நிக்கிறாரு" என்று மட்டும் சொன்னேன்.

அவள் சிரித்துவிட்டாள். "அதத்தான் ஆசைப்பட்டாரு" என்றாள். கோட்டின் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனாள்.

இதைத் தம்பியிடம் சொல்லவேண்டாம் என்று நினைத்தேன். அடுத்த முறை ரத்தம் கொடுக்கப் போனபோது நானும் கூடப் போனேன். காலை நேரம். கோட்டுக்கடையில் விளக்கு போடவில்லை. அவன் அந்தக் கண்ணாடி முன்னால் நின்றான். வற்றிய முகம் வீங்கிய முகத்தின் மேல் விழுந்தது. இப்போது பொருந்தவில்லை. ஓரங்களில் உள்ளே இருந்தவன் முகம் பிதுங்கித் தெரிந்தது. தம்பி சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டான்.

"போலாம், ரைட்" என்றான், கண்ணாடியைப் பார்த்து.

பிறகு ஆஸ்பத்திரிப் பக்கம் விறுவிறுவென்று நடந்தான். பின்னால் போன நான் அந்தக் கடையைத் தாண்டும்வரை தலையைத் திருப்பவில்லை. விசில் சத்தம் கேட்டுவிட்டால் என்ன செய்வது?